பதினோரு தடவை செத்தவன்

பகலில் நான் பல் செட் செய்கிறவள். எங்கள் கரகண்டி நகரத்தில் பாதிக் கிழவர்கள் நான் செய்த பல்லால்தான் குதிரை இறைச்சி மெல்லுகிறார்கள். சனிக்கிழமையானால் அதே அச்சு மாவில் கட்டைவிரல் உயரத்துக்குப் பூதம் வார்த்து, அதற்குக் கண் எழுதுவேன். எங்கள் மேசையில் ஐந்து பேர். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் ஏற்று, எட்டு வருஷமாக ஒரே கதையை ஆடுகிறோம். வெளியே தெரிந்தால், "முப்பது வயசுல பொம்மை வெச்சு விளையாடுதுங்க, அதான் ஒண்ணும் கரை சேரல" என்பார்கள். அதனால் வீட்டில் கேட்டால் ஆங்கில வகுப்பு என்று சொல்லிவைத்திருந்தோம்.

அந்த மேசையில்தான் ஒல்ஜாஸுக்கும் தோர்கினுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. ஆட்டத்தில் அவன் வாள் வீரன், அவள் மருத்துவச்சி. கல்யாணம் நிச்சயமாகி, தோர்கின் வீட்டார் பெண்ணை அனுப்பிவைக்கும் விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் ஒல்ஜாஸ் என் பட்டறைக்கு வந்தான்.

"அக்கா, ஒளிஞ்சு ஒளிஞ்சு ஆடுறதாலதான் அசிங்கம்னு நெனைக்கிறாங்க. விருந்துல உங்கள வாழ்த்தக் கூப்பிடுவாங்க. மைக்ல எல்லாத்தையும் சந்தோஷமா சொல்லிடுங்க."

"தோர்கின் வீட்டுல தெரிஞ்சா?"

"அவ பேரை மட்டும் எடுக்காதீங்க. என்னைப் பத்திச் சொல்லுங்க. நான் வெக்கப்படல."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எங்கள் மேசையின் மற்ற இருவரான, ரயில்வேயில் வேலை பார்க்கும் இரட்டையரும் நானும் ஆட்டத்து வேஷம்போலப் பச்சை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு போனோம். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நிமிர்ந்து நடந்தேன்.

விருந்து நடத்துகிறவர் எங்கள் மேசையை அழைத்தார். மைக்கை வாங்கினேன். பகடையைச் சொன்னேன், பூதங்களைச் சொன்னேன். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிலரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்த ஒல்ஜாஸ் எங்க கண்ணு முன்னால பதினோரு தடவை செத்திருக்கான். ஒவ்வொரு தடவையும் நாங்க அழுதிருக்கோம்!"

விளையாட்டுச் சாவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெண் புறப்படும் நாளில், வாழ்த்துச் சொல்லும் மைக்கில், மாப்பிள்ளை பெயரோடு சாவைச் சேர்த்துவிட்டேன். இந்த மண்ணில் பிறந்த எவளும் செய்யாத காரியம். அத்தைமார் தோஷம் கழியத் தோளுக்கு மேல் துப்பினார்கள்.

தோர்கினின் பெரியப்பா கப்தேன் எழுந்தார். "உன் வாயில மண்ணு விழ! வாழ்த்துற வாயா இது?" பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, இதுங்கதான் உன் கூட்டாளிங்களா? இந்தப் பொம்மைக் கும்பல்ல நீயும் ஒருத்தனா? அப்படின்னா எங்க பொண்ணு இன்னிக்கு இந்த வாசலத் தாண்ட மாட்டா. இல்லன்னா அதே மைக்ல இல்லன்னு சொல்லு."

ஒல்ஜாஸ் தோர்கினைப் பார்த்தான். வெள்ளை முக்காட்டுக்குள் அவள் குனிந்தே இருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவன் நடந்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், என் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"பெரியவங்க மன்னிக்கணும். இவங்கல்லாம் ஆங்கில வகுப்புல பாத்த மொகம். மரியாதைக்குக் கூப்பிட்டேன். இவங்க விளையாட்டு எனக்குத் தெரியாது, என் பேரைச் சும்மா சேத்துச் சொல்லிட்டாங்க. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல."

"அப்படிச் சொல்லு மாப்ளே!" என்றார் கப்தேன். விட்ட மூச்சோடு மண்டபம் கை தட்டியது. இரட்டையரில் ஒருவன் அங்கியின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷமும் ஒரே வார்த்தையில் போய்விட்டது.

கப்தேன் எங்கள் மூவரையும் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் தட்டினேன், அந்த மண்டபத்தில் யாரையும் விட உரக்க. தட்டாவிட்டால் அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துபோயிருக்கும்.