வெளுத்த இரும்புச் சட்டி

சனிக்கிழமைகளில் அருள்மலர் எனக்கு முன்னே எழும்பிவிடுவாள். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து டோர்செட் பார்க் தொடர்மாடியின் யன்னலடியிலேயே இருந்த என் மனைவி, தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வசந்தத்திலிருந்து அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களைக் கடத்தினாள்.

வெள்ளைச் சட்டையோடு வந்து கதவைத் தட்டிய மோர்மன் கிறிஸ்தவ சபைப் பொடியன்கள் இரண்டு பேரால் வந்தது அது. அவர்களுடைய சபையில் நாங்கள் சேரவில்லை. ஆனால் ஸ்ரௌவ்வில் ஊருக்கு அப்பால், முதல் மோர்மன் குடியேறிகளின் பழைய வீடுகளைப் பார்வையாளருக்காகப் பேணுகிறார்கள் என்றும், அங்கே விறகடுப்பு மூட்டத் தொண்டர்கள் இல்லை என்றும் சொன்னார்கள்.

"அடுப்பு மூட்டவோ ஆளில்லை?" என்று அருள்மலர் சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு லோயிஸ் என்ற பெண்மணி. அந்தக் காலத்தில் மற்ற மோர்மன் குடும்பங்கள் வண்டி கட்டி மேற்கே போனபோது அவருடைய முன்னோர் மட்டும் போகாமல் நின்றுவிட்டார்களாம். அடுப்பில் தொங்கிய வார்ப்பிரும்புச் சட்டி அவர்களுடையது. அருள்மலருக்கு ஆங்கிலம் வராது. சனிக்கிழமைகளில் இரண்டு பெண்களும் பகல் முழுக்கப் பேசாமல் ரொட்டி சுடுவார்கள். நான் வெளியே விறகு கொத்துவேன். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இருந்த மௌனம் வேறு.

செப்ரெம்பரில் ஒரு காலை, லோயிஸ் பக்கத்து வீட்டைத் திறக்கப் போயிருந்த நேரம், அருள்மலர் என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சை வந்து பாருங்கோ."

சட்டி வெளுத்து மினுங்கியது. சாம்பலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய்த் தும்புமாக உள்ளும் புறமும் தேய்த்திருந்தாள்.

"என்ன கரி, என்ன பிசுக்கு! பாவம், மனிசிக்கு ஏலாதாக்கும். பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?"

லோயிஸ் வந்தார். சட்டிக்குள் விரலை ஓட்டினார். பிறகு மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனையோ தலைமுறையாகக் கொழுப்புப் பூசிச் சுட்டு ஏறிய கறுப்பு அது. அது போய்விட்டது; இனிச் சட்டி துருப்பிடிக்கும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அருள்மலர்.

கேட்காதவன்போல அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினேன். வரவேண்டாம் என்று லோயிஸ் சொல்லிவிட்டால் இவளுக்கு மறுபடி அந்த யன்னல்தான். லோயிஸ் ஒன்றும் சொல்லாவிட்டாலும், செய்தது தெரிந்தால் வெட்கத்தில் இவளே வரமாட்டாள். அடுப்பில் விறகு வெடித்தது.

"உங்கடை முகமே சொல்லுது. சொல்லுங்கோப்பா."

சொன்னேன். கையிலிருந்த தும்பை இடுப்பு ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டாள்.

லோயிஸ் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து கொழுப்புப் பேணியை எடுத்துவந்தார்.

"பூசிச் சுட்டு ஆறவிட வேண்டும். பிறகு திரும்பவும் பூச வேண்டும். கறுப்பு ஏறப் பல சனிக்கிழமைகள் போகும். தனியே என்னால் முடியாது. வருவாரா என்று கேளுங்கள்."

கேட்டேன். அருள்மலர் நிமிர்ந்தாள்.

"உது புதுச்சட்டி பழக்கிற வேலையெல்லே? நாங்கள் மண்சட்டிக்குச் செய்யிறது. முதலே சொல்லியிருக்கலாமே உந்த மனிசி!"

"என்ன சொல்கிறார்?" என்றார் லோயிஸ்.

"வருவாராம்" என்றேன்.

"உது என்ன கொழுப்பு?" என்றாள் அருள்மலர்.

"பன்றி."

"சீ!" என்று மூக்கைச் சுளித்தாள். சுளித்தபடியே பேணிக்குள் கையை விட்டு வழித்தெடுத்தாள். லோயிஸ் சட்டியைச் சரித்துப் பிடித்தார்.

லோயிசுக்குச் சொல்ல வேண்டிய நன்றி மனதில் இருந்தது. வெளியே போய்க் கோடரியை எடுத்தேன். விறகு பனிக்காலம் முழுவதற்கும் காணும் என்று தெரிந்த பிறகும் கொத்திக்கொண்டே இருந்தேன்.