எர்த்து அடிக்குது

பழைய வீடுகளின் வயரிங்கைச் சோதிப்பது என் வேலை. மெயின் போர்டில் தொடங்கிக் கடைசி பிளக் வரைக்கும் திறந்து பார்த்து, எது இருக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவேன். போகிற வீட்டிலெல்லாம் ஒரே பாட்டுத்தான்: இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே! ஆகியிருந்தால் என்னைக் கூப்பிட ஆள் இருந்திருக்காது என்று நாக்கு நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுப்பேன்.

ஊரார் வீட்டையெல்லாம் குடைகிற நான் சொந்த அண்ணன் வீட்டைப் பார்த்ததே இல்லை. அவன் விடமாட்டான். வைத்திருப்பது மருந்துக் கடை. ஆனாலும் ஃபேன் ஓடவில்லையா, மிக்ஸி சுற்றவில்லையா, அவனே பிரித்துப் போடுவான். சில சமயம் திரும்பச் சேர்த்தும் விடுவான். குடும்பத்தில் அவனுக்குப் பெயரே எஞ்சினியர்தான். அவன் வேலையில் தங்கை வந்து நொட்டை சொல்வதா? இந்த முறை மழையில் சுவர் ஊறி, ஈரம் மெயின் போர்டு பக்கம் இறங்கிவிட்டது. அண்ணி போன் செய்து வரச் சொன்னாள். அவனும் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டியிருக்கிறான்.

போனதும் கண்ணில் பட்டது தையல் மெஷின். துணி போட்டு மூடியிருந்தது. அந்தத் தெருவில் பாதிப் பேர் உடுத்தியிருப்பது அண்ணி தைத்ததாகத்தான் இருக்கும். ஏன் மூடிவிட்டீர்கள் என்று கேட்டேன். வலது கை முன்னைப் போல இல்லை என்றாள். காலை வேளையில் விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீரென்று இழுக்கிறதாம். நரம்பாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்ல, அண்ணன் கடையிலிருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறானாம். அண்ணியின் அம்மாவுக்கும் கையில்தான் தொடங்கியது. கடைசியில் அவருக்குச் சோறு ஊட்டிவிட வேண்டியதாயிற்று. தனக்கும் அதுதான் வரப்போகிறது என்று அண்ணி முடிவே கட்டிவிட்டாள். மெஷினைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிச் சிரித்தாள்.

மெயினை நிறுத்திவிட்டு போர்டைத் திறந்தேன். ஈரம் வயர்களைத் தொடவில்லை. ஆனால் பச்சை வயர் நடுவில் வெட்டப்பட்டு, இரண்டு நுனியிலும் காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி டேப் அழகாகச் சுற்றியிருந்தது. யார் வேலை இது என்றேன். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"நான்தான். வாஷிங் மெஷினத் தொட்டா எர்த்து அடிக்குது, எர்த்து அடிக்குதுன்னு உங்க அண்ணி என் உயிர எடுத்தா. அதான், எர்த்தையே கட் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் அடிக்கவே இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. எர்த்து எங்கேயாவது அடிக்குமா? அடிப்பது கரன்ட். கசிகிற கரன்டைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் எர்த்து. நம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி பேசிப் பேசி, காப்பாற்றுகிறவன் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள். மண்ணில் புதைத்த கம்பி துருப்பிடித்துப் போயிருக்கிறது. எங்கோ கசிந்த கரன்ட், இறங்க வழியில்லாமல் இந்த வயர் வழியாகவே வாஷிங் மெஷினுக்கு வந்திருக்கிறது. வயரை வெட்டியதும் வாஷிங் மெஷின் தப்பித்துக்கொண்டது. கசிவு மட்டும் பிறந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

அது எந்த இடம் என்று தேடினேன். ஒவ்வொரு லைனாகக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்தேன். கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் பழசுதான், ஆனாலும் தாங்கும். குளியலறை லைனுக்கு வந்ததும் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது; கசிவு இங்கேதான். தண்ணீர் ஹீட்டர். உள்ளே தண்ணீரைச் சுடவைக்கிற கம்பிச்சுருள் பழுதாகி, ஹீட்டரின் உடம்பெல்லாம் கரன்ட். அதிலிருந்து இறங்குகிற குழாய் இரும்பு.

அண்ணியைக் கூப்பிட்டு, கை எப்போது இழுக்கிறது என்று கேட்டேன்.

"குளிக்கப் போறப்பதான். பைப்பத் திறந்தா இழுக்கும்."

"அண்ணன்கிட்ட சொல்லலையா?"

சொல்லியிருக்கிறாள். அவனும் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறான், காலில் ரப்பர் செருப்போடு. எனக்கு ஒன்றும் அடிக்கவில்லையே, உனக்கு மட்டும் எப்படி அடிக்கும், உனக்குத்தான் நரம்பில் கோளாறு என்று சொல்லிவிட்டான். அதையேதான் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறான். அண்ணியும் அதை நம்பிவிட்டாள். தினமும் வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று, ஈரக்கையால் அந்தக் குழாயைத் திறந்து, முதலில் அவனுக்கு வெந்நீர் பிடித்து வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். அண்ணியின் உயிர் இத்தனை நாள் தங்கியதே பெரிது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணி வலது கையை என் முன்னால் நீட்டினாள்.

"அப்போ என் கை நல்லாத்தான் இருக்கா?"

"உயிரே போயிருக்கும் அண்ணி."

"போகலைல்ல. அம்மா மாதிரி நான் படுக்க மாட்டேன்ல? அதச் சொல்லு."

அந்த இழுப்புக்குக் காரணம் குழாய்தான், கை இல்லை என்றேன். அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. கூடவே, அண்ணனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கவேண்டும் என்று ஆத்திரமும் வந்தது.

திரும்பினால் அவன் அங்கே இல்லை. குளியலறையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்தில் நின்றுகொண்டிருந்தான். கை குழாயின் மேல் இருந்தது.

"மெயினப் போடு," என்றான் என்னிடம். "ஒரு தடவ போடு. அவளுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி உள்ளே போய் அவன் கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் வேணாங்க," என்றாள். "இனிமே நான் சொன்னா நம்புங்க. அது போதும்."