எடைமேடை அக்கா பார்த்த அன்னம்

"அப்பா, நீங்க சொன்னதுல ஏதாவது ஒண்ணு நிஜமா நடந்திருக்கா?"

ஏழு வயதில் மகள் இப்படிக் கேட்டபோது தையல்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். ஊசி விரலில் ஏறிவிட்டது. குழந்தை கேலியாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். அதுதான் அவரை உறுத்தியது.

அவர் சொல்லும் கதைகள் அப்படி. சிறு வயதில் முதலையின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்திருக்கிறார். அவர் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்த ஒரு மந்திரி, அதைக் கழற்ற மனமில்லாமல் அழுதிருக்கிறார். ஊரில் அவருக்கு 'அளப்பு' என்றே பெயர். தொழிலே அதுதானே என்று அவரும் சிரித்துக்கொள்வார். ஒரு துண்டுத் துணிகூடத் திருடாத மனிதர். பொய்யை மட்டும் ஊருக்கு இலவசமாகத் தைத்துக் கொடுத்தார்.

கடலும் மலையும் எட்டாத அந்த ஊரில், பனிக்காலம் வந்தால் பறவை பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. மாட்டு டாக்டர் தொலைநோக்கி ஒன்றை வாங்கி அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். சட்டமும் அவர் போட்டதுதான்: எந்தப் பறவையையும் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் அது பறவை இல்லை, வதந்தி. இந்தச் சட்டம் வருவதற்குக் காரணமே தையல்காரர்தான். முந்தின வருடம் அவர் ஊரையே ஓடவைத்துக் காட்டிய பூநாரை, முள்செடியில் காய்ந்துகொண்டிருந்த உள்பாவாடை. அதைத் தைத்தவரும் அவரேதான்.

மகளுக்குப் பத்து வயதான பனிக்காலத்தில், பள்ளிச் சீருடைகளைக் கொடுப்பதற்காக ஏரிக்கரை வழியாகச் சைக்கிளில் போனபோது, அவர் நிஜமாகவே ஓர் அன்னத்தைப் பார்த்தார்.

கழுத்தை நிமிர்த்தி, மூடுபனிக்குள் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அலகின் அடி மஞ்சள், நுனி கறுப்பு. எதையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லாத அழகு. அவருக்கே அது புதிதாக இருந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கத்தியபடியே ஊருக்குள் வந்தார்.

டாக்டர் மோட்டார் சைக்கிளில் முன்னே போக, பின்னால் ஒரு கூட்டமே போனது. அந்தச் சத்தத்துக்கு ஏரியில் ஒரு கொக்குகூட மிச்சமில்லை.

திரும்பி வந்தவர்கள் தையல்கடையில் கூடினார்கள். மகள் மூலையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னமா பாத்தே?" என்றார் பால்காரர். தையல்காரரின் மனைவிக்குத் தம்பி. "மச்சான், பாலையும் தண்ணியையும் பிரிச்சிடுமே, அதுவா?"

"அதேதான். உன் கேன் பக்கம் வரட்டும், உன் வண்டவாளம் தெரியும்."

ஒரு நிமிடம் சிரிப்பு தையல்காரர் பக்கம் இருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை. "அதெல்லாம் சரி. ரெண்டாவது ஆள் யாரு?"

"யாரும் இல்ல டாக்டர். ஆனா சத்தியமா..."

"பாவாடைக்கும் சத்தியம் பண்ணீங்க."

"இந்தத் தடவை வெள்ளைப் பாவாடை போல" என்று பால்காரர் எடுத்துக் கொடுக்க, கடை குலுங்கியது. மகள் ரவிக்கையைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "நான் வீட்டுக்குப் போறேன்பா" என்று எழுந்தாள்.

அப்போதுதான் வாசலில் நின்ற எடைமேடை அக்கா பேசினாள்.

"நானும் பாத்தேன்."

கல் லாரியும் நெல் லாரியும் ஏறி நிற்கும் எடைமேடையை நடத்துபவள் அவள். தினமும் கண்ணை மூடிக் கடவுளை வேண்டிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவாள். மேடையில் நாய் படுத்திருந்தால், அதை இறக்கிவிட்டுத்தான் எடை சொல்வாள். அவள் சொன்ன எடையை மறுத்துப் பேசிய டிரைவர் கிடையாது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? எப்போ?"

"காலையில."

"அலகு என்ன நிறம்?"

அவள் தையல்காரரைப் பார்க்கவில்லை. அவருடைய மகளைப் பார்த்தாள். "இவர் என்ன நிறம் சொன்னாரோ, அதே நிறம்தான்."

அதற்கு மேல் கேட்க ஊரில் யாருக்கும் தைரியம் இல்லை. மகள் திரும்பவும் உட்கார்ந்து கொக்கியைத் தைத்தாள். அன்று இரவு சாப்பிடும்போது, "அது எவ்ளோ பெருசுப்பா?" என்று கேட்டாள். உள்ளதை உள்ளபடி சொன்னார். கையை அகலமாக விரித்தவர், கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து எடைமேடையில் ஷட்டர் திறக்கத் தாமதமானது. அக்கா கண்ணை மூடியபடியே நின்றாள். லாரிகள் வரிசையில் ஹாரன் அடித்தன. லாரி சீட்டுக்குத் தைத்த உறையைக் கொடுக்கப் போன தையல்காரர், "உடம்பு சரியில்லையா அக்கா?" என்றார்.

"உடம்புக்கு என்ன? எடை ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். வேண்டிக்கும்போது அதுதான் முன்னாடி வந்து நிக்குது." பிறகு சிரித்தாள். "விடுங்க. புள்ள சாப்பிட்டாளா?"

அவருக்குப் புரிந்தது. பொய் அவருக்கு எப்போதும் பஞ்சு மாதிரி. அவளுக்கு அது கல் லாரி.

பனி குறையத் தொடங்கிய ஒரு காலையில் அன்னம் மறுபடி வந்தது. அதே ஏரி, நாணல் ஓரம். இந்த முறை அவர் கத்தவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்து, அப்புறம்தான் ஏறினார்.

கரை முடிகிற இடத்தில் டாக்டரின் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. டாக்டர் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால்காரர் கேனோடு பின்சீட்டில் இருந்தார்.

"என்ன மச்சான், இன்னிக்கு மயிலா, யானையா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் முழுக்க இனி அவரை நம்பும். ஆனால் அந்த வண்டி கிளம்பினால் அன்னமும் கிளம்பிவிடும்.

"வெறும் பனிதான்" என்றார் தையல்காரர். "அந்தப் பக்கம் குளத்துல ஏதோ கொக்கு சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாருங்க."

மோட்டார் சைக்கிள் எதிர்த் திசையில் போனது. அவர் எடைமேடைக்கு மிதித்தார்.

"அக்கா, ஏரிக்கரையில ஒரு நெல் லாரி சரிஞ்சு நிக்குது. எடை போட்டவங்களே வந்து பாக்கணுமாம், டிரைவர் அடம் பிடிக்கிறான். நாணல் பக்கம்."

"என் மேடை மேல சந்தேகமா அவனுக்கு?"

"நீங்களே போய்க் கேளுங்க. சத்தம் போடாம போங்க, ஆளு கோபக்காரன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, வந்த லாரிகளை நிறுத்திவைத்தார். தாமதமானதற்கு டிரைவர்கள் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டார்.

அவள் மெதுவாகத் திரும்பி வந்தாள். செருப்பு கையில் இருந்தது. முழங்கால் வரை சேறு.

"லாரி எதுவும் இல்லையே."

"கிளம்பிட்டான் போல."

"ம்."

தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். பிறகு சாமி படத்தின் முன்னால் நின்று கண்ணை மூடினாள். ஒரு மூச்சுதான்; திறந்துவிட்டாள்.

"முதல் வண்டி ஏறட்டும்" என்று குரல் கொடுத்தாள்.

தையல்காரர் அதற்குள் சைக்கிளை எடுத்திருந்தார்.