மூன்றாம் இலக்கச் சந்தேகநபர்

வேலையால் வந்ததும் மகளின் புத்தகப் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கழுவுவது கலாவதியின் வழக்கம். பகல் முழுவதும் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நின்றுவிட்டு, ரெயிலேறிப் புறநகரான கார்ஜ் லே கொனெஸ் வந்து சேரும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஆனாலும் பெட்டியை அப்படியே விட்டால் அடுத்த நாள் நாறும். லக்ஷனா பதினாறு வயதாகியும் ஒருநாளும் தானாகக் கழுவியதில்லை.

2012 நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்தப் பெட்டியோடு ஒரு கடதாசியும் வெளியே வந்தது.

மேலே லக்ஷனாவின் பெயரும் படமும். கீழே பத்துக் கறுப்பு விரலடையாளங்கள். ஓரத்தில் ஒரு முத்திரை. கலாவதிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. ஆனால் பத்து விரலும் பதிந்த கடதாசி என்றால் என்னவென்று தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவளும் கணவன் தவரத்தினமும் விசா கொடுக்கும் அரச அலுவலகமான பிரிபெக்சூரில் அதிகாலை தொடக்கம் வரிசையில் நின்று, ஒவ்வொரு விரலாகக் கொடுத்தவர்கள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா இஞ்சை வாங்கோ!"

தவரத்தினம் அன்று வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். கடதாசியைப் பார்த்ததும் கதிரையில் இருந்துவிட்டார். அவருடைய பத்து வருட விசா விண்ணப்பம் பிரிபெக்சூரில் கிடந்தது. வீட்டில் ஒருவர் மேல் பொலிஸ் வழக்கு வந்தால் எல்லாம் போய்விடும் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"என்னடி இது?" என்று மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"விளையாட்டப்பா," என்றாள் லக்ஷனா. "வகுப்பிலை ஒரு களவைக் கண்டுபிடிக்கச் சொல்லி மதாம் விட்டிருக்கிறா. உண்மையான களவு இல்லை."

"விளையாட்டுக்கு ஆரும் பத்து விரலும் எடுப்பினமே?"

அவள் மறுபடியும் சொல்லத் தொடங்கினாள். பயத்தில் தமிழ்ச் சொல் வராமல் பிரெஞ்சு வந்தது. "எனக்குப் பிரெஞ்சு காட்டாதை!" என்று தவரத்தினம் கத்தினார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். எப்போதும் அப்படித்தான். யாராவது சத்தம் போட்டால் அவளுக்குக் கண்ணீர்தான் வரும், பேச்சு வராது.

உண்மையில் நடந்தது இதுதான். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஷார்லோத் என்ற ஆசிரியை, குற்றங்களைத் தடயங்களால் எப்படித் துலக்குகிறார்கள் என்று காட்ட வகுப்பில் ஒரு பொய்க் களவை உண்டாக்கியிருந்தார். ஆய்வுகூடத்தில் நின்ற பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் தலை காணாமல் போயிருந்தது. மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, மிரட்டல் துண்டு ஒன்று. கோப்பி வடிக்கும் தாளில் பேனை மையை ஊறவிட்டு நிறம் பிரித்துப் பார்த்தார்கள். பென்சில் கரியில் விரலைத் தேய்த்து, ஒட்டுநாடாவால் ரேகையை எடுத்தார்கள். ஆறு மாணவர்கள் சந்தேகநபர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், படம், விரலடையாளம், முத்திரையோடு பொலிஸ் கடதாசி மாதிரி ஒன்றும் செய்திருந்தார்கள். மூன்றாமவளாக லக்ஷனாவைத் தெரிந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மாதமாக அவள் வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. ஒரு பாத்திரத்தைக் கொடுத்தாலாவது பேசுவாள் என்று ஆசிரியை நினைத்தார்.

அது பலித்தும் இருந்தது. லக்ஷனா பூதக்கண்ணாடியை வைத்து ஆறு பேரின் அறுபது விரல்களையும் பார்த்துவிட்டாள். குவளையில் இருந்த பெருவிரல் அடையாளத்தைக் குறுக்கே ஒரு வெட்டுக்காயம் பிரித்தது. ஆறு பேரில் யாருக்கும் அது இல்லை. ஆனால் கரும்பலகையில் எழுதும்போது ஷார்லோத்தின் பெருவிரலில் ஒரு பழைய காயத்தை அவள் கண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "மதாம், உங்கள் விரலைப் பார்க்கலாமா?" என்று கேட்கப்போகிறாள். அதைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பிரெஞ்சில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். தன் விரல்களை இன்னொருமுறை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமை காலை தவரத்தினமும் கலாவதியும் கடதாசியோடு பொன்னம்பலத்திடம் போனார்கள். ரூ பெர்தொனேயில் தொலைபேசி அட்டையும் போட்டோப் பிரதியும் விற்கும் கடை அவருடையது. இருபது வருடமாக எங்கள் ஆட்களுக்குப் பிரெஞ்சுக் கடதாசி வாசித்துச் சொல்பவர். அவர் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்தார்.

"ஆங்கெத்... விசாரணை. வோல்... களவு. இதிலை பார் தம்பி, சந்தேகநபர், இலக்கம் மூண்டு. அப்ப இன்னும் ரெண்டு பேர் முன்னுக்கு இருக்கினம்."

"இதென்ன அண்ணை, விசாரணைக்குப் பக்கத்திலை?" என்று தவரத்தினம் கேட்டார்.

அந்தச் சொல் 'ஃபிக்தீவ்'. கற்பனையானது என்று அர்த்தம். பொன்னம்பலத்துக்கு அது தெரியாது. அதற்குக் கிட்டவாக அவருக்குத் தெரிந்தது 'ஃபிஷே' என்ற சொல். பொலிஸ் பதிவில் ஏறியவர் என்று அர்த்தம். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் தங்கள் கடதாசிகளோடு நின்றார்கள். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஃபிஷே எண்டு கிடக்கு. பேர் பதிஞ்சாச்சு," என்றார்.

"பிள்ளை விளையாட்டு எண்டு சொல்லுது அண்ணை," என்றாள் கலாவதி.

"பின்னை, களவெடுத்தனான் எண்டோ சொல்லும்? நீ ஒரு விசரி, தங்கச்சி."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"பள்ளிக்கூடத்திலை போய்க் கேட்டா என்ன?" என்றாள் கலாவதி.

"போ. போனா அங்கை பொலிஸ் நிக்கும், இவரின்ரை விசாக் கார்ட்டையும் வாங்கிப் பாப்பாங்கள். பிள்ளைக்குப் பதினாறு முடிஞ்சுதெல்லே? இனி அனுப்பத்தான் வேணுமெண்டு சட்டம் இல்லை. கொஞ்ச நாளைக்கு வேறை இடத்திலை விடுங்கோ. நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கமாட்டன்."

வியாழன் மத்தியானம் கலாவதி வேலை செய்யும் கடையில் வடை வாங்க வந்த பெண் ஒருத்தி, "மகள் சுகமோ?" என்று கேட்டுவிட்டுக் கூட வந்தவளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

அன்று பின்னேரமே லக்ஷனாவைப் பொண்டி என்ற ஊரில் இருந்த மாமி வீட்டுக்கு, தவரத்தினத்தின் தங்கையிடம், கொண்டுபோய் விட்டார்கள். மாமிக்கு இரட்டைக் குழந்தைகள். பார்க்க ஆள் தேவைப்பட்டது.

"அம்மா, நாளைக்கு மட்டும் போட்டு வாறன். நாளைக்கு மட்டும்," என்று லக்ஷனா பஸ்ஸில் முழுவழியும் கெஞ்சினாள். கலாவதி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் யாராலும் கள்ளனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நேரம் முடியும்போது ஷார்லோத் தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் லக்ஷனாவின் கதிரை வெறுமையாக இருந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் தவரத்தினம் பிரிக்காமலே கிழித்தார். தொலைபேசி இலக்கத்தை மாற்றினார். தை மாதத்துக்குப் பிறகு கடிதமும் நின்றுவிட்டது. பொலிஸ் மறந்துவிட்டது என்று அவர் நிம்மதிப்பட்டார்.

அடுத்த கோடையில் அவருக்குப் பத்து வருட விசா கிடைத்தது. எந்தக் கேள்வியும் இல்லை, எந்தத் தடையும் இல்லை. அன்றுதான் கலாவதிக்கு நெஞ்சில் ஏதோ உறைத்தது. பிள்ளையின் பெயர் பொலிஸில் இருந்தால் எப்படிக் கொடுத்தார்கள்? பொன்னம்பலத்திடம் கேட்டாள். "பிள்ளையை மறைச்சபடியாத்தானே கிடைச்சது!" என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

அவள் அமைதியாகவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கடைக்கு இடியப்பம் வாங்க வரும் ரோசாலி என்ற புதுச்சேரி அம்மாவிடம், கணவனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த அந்தக் கடதாசியை நீட்டினாள். ரோசாலி முப்பது வருடம் பிரெஞ்சு அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

ரோசாலி வாசித்தார். முதலில் சிரித்தார். "அட, இது பிள்ளைங்க விளையாட்டும்மா! ஃபிக்தீவ்னு மேலயே போட்டிருக்கே. கற்பனை. இங்க பாரு, எலும்புக்கூட்டோட தலையைக் காணோமாம்." பிறகு கலாவதியின் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, என்னாச்சு? உம்பொண்ணு எங்க?"

அன்றே கடையில் சொல்லிவிட்டு, தவரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு பொண்டிக்குப் போனாள். மாமி வெளியே போயிருந்தாள். லக்ஷனா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றதற்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தவரத்தினம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆச்சரியப்படவில்லை.

"நான் அண்டைக்கே சொன்னனான் அப்பா."

"பிழைதான் பிள்ளை. செப்டெம்பரிலை திரும்பப் போகலாம். நானே வந்து மதாமோடை கதைக்கிறன்."

"நான் போகேல்லை."

"ஏன்?"

அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"நான் எத்தினை தரம் சொன்னன்? ஒருத்தரும் நம்பேல்லை. மாமியும் காசுப் பையை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினவா. பிறகு எனக்கே சந்தேகம் வந்திட்டுது, நான் உண்மையிலேயே எதையாவது எடுத்திட்டனோ எண்டு. இனி ஒருத்தருக்கு முன்னாலையும் எழும்பி நிண்டு கதைக்க எனக்கு ஏலாது. என்னை விடுங்கோ."

கலாவதி அவள் கையைப் பிடித்தாள். லக்ஷனா கையை உதறவில்லை, பிடிக்கவும் இல்லை. மற்றக் குழந்தை அழுதது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவள் பிறகு பள்ளிக்கூடம் போகவே இல்லை.

திரும்பும்போது பஸ் தரிப்பில் தவரத்தினம் கொதித்தார். "பொன்னம்பலத்தை இண்டைக்குச் சும்மா விடமாட்டன். அந்தாள்தான் என்ரை பிள்ளையின்ரை சீவியத்தை அழிச்சது."

"அவரைச் சொல்லாதையுங்கோ," என்றாள் கலாவதி. "அவருக்கு ஒரு சொல் தெரியேல்லை. எங்களுக்கு எங்கடை பிள்ளையைத் தெரியேல்லை. தெரியாட்டி தெரியாது எண்டு சொல்ல அவருக்கு வெக்கம். பள்ளிக்கூட வாசலிலை போய்க் கேக்க எங்களுக்குப் பயம். பெத்த பிள்ளை வாய் திறந்து சொல்லேக்கை இருந்து கேட்டிருந்தா, வேறை ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லத் தேவையில்லை."