அபைஜா கிட்டிலை மூழ்கடித்தல்

1.
இந்தக் கதை தானாக என் மனத்தில் உதித்தது என்று சொல்லவே ஆசை. உண்மையில் வெர்னா அத்தை ஏவியது. ஆகஸ்டில் எங்கள் குடும்பச் சந்திப்பு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கிட்டில் குடும்பத்தார் நூறு பேர் பன்றித் தொடைக்கறி தின்றுவிட்டு, வெள்ளத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் மூதாதை அபைஜாவுக்கு நினைவுக்கல் நடப்போகிறோம். கல்லில் பொறிக்க இரண்டு வரி வேண்டுமாம். குடும்பத்தில் வேலைவெட்டி இல்லாமல் கதை எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

2.
முதல் தொடக்கம்: "1859. ஆறு கரைபுரண்டது. அண்டை வீட்டுக் குழந்தையைத் தோளில் சுமந்தபடி அபைஜா"

(குழந்தையின் பெயர் யாருக்கும் தெரியாது. அபைஜாவின் எருதுகளின் பெயர்கள் மட்டும் அத்தைக்கு மனப்பாடம். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

இரண்டாம் தொடக்கம்: "அபைஜா நல்லவர், ஆனால்"

அந்த 'ஆனால்' 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அயோவா ஏட்டில் அவர் மனைவி தர்சா, விதவை. அதே ஆண்டு நெப்ராஸ்கா ஏட்டில் அபைஜா கிட்டில், உழவர், பிறந்தது எங்கள் அபைஜாவைப் போலவே ஒஹாயோவில். மனைவி மினர்வா, பிள்ளைகள் நால்வர். மூழ்கி இருபத்தொரு வருடமாகியும் ஆள் நனையவே இல்லை.

3.
"அது வேற அபைஜாடா," என்றார் அத்தை, உருளைக்கிழங்கு உரித்தபடி.

"நெப்ராஸ்கா ஆளோட மூத்த பொண்ணு பேரும் தர்சா, அத்தை."

கத்தி நின்றது. "விட்டுட்டு ஓடினவனுக்குப் பேரு வைக்க மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கும்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போனவன் செத்தவன்தான். கணக்கெடுக்க வந்தவன் வாசல்ல நின்னு கேட்டான், தர்சா விதவைன்னு சொன்னா. உனக்கு எங்க வலிக்குது?"

"கல்லுல என்ன எழுத?"

"மூழ்கினாருன்னே எழுது. நல்லா ஆழமா மூழ்கட்டும்."

4.
இங்கே அத்தையைக் கேலி செய்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அத்தையின் கணவர் லைல் மாமா காணாமல்போய்ப் பதினோரு வருடம். தேவாலயப் பதிவேட்டில் அத்தையும் விதவைதான்.*

கைவிடப்பட்டவளைப் பார்த்து ஊர் சிரிக்கும். விதவைக்கு எழுந்து இடம் கொடுக்கும். தர்சா ஒரே ஒரு சொல்லில் ஆளைக் கொன்றாள். நான் மூன்று வாரமாக எழுதி ஒரு கொசுவைக்கூடக் கொல்லவில்லை.

* போன கிறிஸ்துமஸுக்கு அரிசோனாவிலிருந்து லைல் மாமா எனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். அத்தையிடம் சொல்லவில்லை. உங்களிடம் உளறிவிட்டேன்.

5.
முடிவு அ: உண்மையைப் பொறிப்பது. நூறு பேரும் கல்லைப் படித்துவிட்டு, மெதுவாக அத்தை பக்கம் திரும்புவார்கள்.

முடிவு ஆ: வெள்ளம், தோள், குழந்தை. கைதட்டல். அப்புறம் கல்லுக்குப் பக்கத்தில் நின்று நான் எப்படித்தான்

முடிவு இ: (யோசித்தேன். கோழைத்தனமாக இருந்தது.)

தொலைபேசி அடிக்கிறது. கல் செதுக்குகிறவர், இன்றுதான் கெடு. நான் எடுக்கப்போவதில்லை, நீங்கள் எடுங்கள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். எதிரே அத்தை உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.