பத்தரை மணி டாங்கிச் சண்டை

நாற்காலியில் கட்டிப்போட்ட நிலையில், ஒரு விரலைக்கூட அசைக்காமல், மூன்று முரடர்களை என் வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடவைத்தவன் நான். வயது அறுபத்தெட்டு. அன்று காலையில் வாயில் ஆறு பல் இருந்தது, மதியம் நான்கு. போன இரண்டில் ஒன்று பறந்துபோய்ச் சுவர்க்கடிகாரத்தைப் பத்து நாற்பதில் நிறுத்திவிட்டது. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற லினக்ஸ் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் மாப்பிள்ளை. மகள் எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் அவன் அங்கே நின்றான். பல் டாக்டர் வாசலில் நின்றான், தோழி வீட்டு மாடிப்படியில் நின்றான். அவள் மடிக்கணினிக்குள் ஒரு ஒற்றன் நிரலை ஏற்றி வைத்திருந்தான். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு அடி. ஒரு தடவை அவள் இடது மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்பந்தி, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஊரில் ஒருத்தர் டிக்கெட்டையும் நம்பாதவர், மகனை மட்டும் நம்பினார்.

"பாத்ரூம்ல வழுக்கியிருக்கும் சம்பந்தி. என் பையன் கொசுவைக்கூட ஊதித்தான் விடுவான்."

மகள் அவனை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனாள். போகுமுன் அவள் மடிக்கணினியை முழுக்கத் துடைத்து, லினக்ஸ் ஏற்றி, வட்டு மொத்தத்துக்கும் பூட்டுப் போட்டேன். பாஸ்வேர்டை அவளே தட்டினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். புது விலாசத்தையும் என்னிடம் சொல்லாதே என்றேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா?

சம்பந்திக்கும் எனக்கும் இதைப் பேசினால் கைகலப்புதான். அதனால் பேசாமல், தினமும் காலை பத்தரைக்கு இரண்டு வீட்டிலிருந்தும் டாங்கிச் சண்டை விளையாடினோம். இலவச விளையாட்டு, நிரலைக்கூட யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அவர் கணினிக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். விளையாடும்போது பேசிக்கொள்வதற்கு, செருப்பு அலமாரிக்கு அடியில் ஒரு பழைய கணினியை சர்வராக்கி வைத்திருந்தேன். பேசியதில் ஒரு மூச்சைக்கூட அது சேமிக்காது. அதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

அன்று கீபோர்டில் ஒரு பட்டன் மாற்றுவதற்காக மகளின் மடிக்கணினி ஒரு தோழி வழியாக என் மேசைக்கு வந்திருந்தது. அது எப்படியோ அவன் காதுக்கும் எட்டிவிட்டது; அதற்குள் அவள் புது விலாசம் இருக்கும் என்று அவன் கணக்கு. நான் காதில் ஹெட்போனோடு, எதிரி டாங்கி ஒன்றைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது. மாப்பிள்ளை, ஒரு மொட்டை, ஒரு நெட்டையன்.

மொட்டை என் சட்டையைப் பிடித்தான். என் இரும்பு அடிப்பலகை போட்ட பழைய கீபோர்டைத் தூக்கி அவன் மூக்கில் இறக்கினேன். எலும்பு நொறுங்கியது. பட்டன்கள் சோளப்பொரியாய்ச் சிதறின. ஒன்று அவன் நெற்றியில் ஒட்டிக்கொண்டது, ரத்தம் அதற்கு மேலாக வழிந்தது. நெட்டையன் பின்னாலிருந்து என் கழுத்தை நெரித்து, இருபது மீட்டர் லேன் கேபிளால் என்னை நாற்காலியோடு சுற்றினான். ஹெட்போன் தரையில் கிடந்து கொசுபோல் முனகியது.

"சம்பந்தி! இன்னிக்கு சவுண்டு பிரமாதம்! யாரைப் போட்டுத் தள்றீங்க?"

மேசை மைக் உயிரோடுதான் இருந்தது. நான் போட்ட கூச்சலை அவர் விளையாட்டுச் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்!

மாப்பிள்ளை மடிக்கணினியைத் திறந்தான். கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"எனக்குத் தெரியாது மாப்ளே."

வயிற்றில் ஒரு குத்து. காலையில் குடித்தது மேலே வந்தது.

"யோவ் கிழவா, சொல்லு!"

"சரி, தட்டிக்கோ. 'நான் ஒரு கழுதை', இடைவெளி விடாம."

ஆத்திரத்தில் தட்டியே விட்டான். திரை மறுத்தது. அப்போதுதான் ஒரே குத்தில் இரண்டு பல் போனது, ஒன்று கடிகாரம்வரை பறந்தது. அடுத்து 'எனக்கு வால் உண்டு' என்று கொடுத்தேன். இந்தத் தடவை தட்டாமல், மேசைமேல் கிடந்த என் சுத்தியலை எடுத்து என் இடது சுண்டுவிரலை மேசையோடு வைத்து அடித்தான். விரல் அப்பளமானது. நான் போட்ட அலறலில் ஏழாவது மாடி லிஃப்ட் தானாகக் கீழே இறங்கியது.

நாற்காலியோடு சேர்த்து என்னை உதைத்தான். விழும்போது ஹெட்போன் வயர் காலில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டது. அவன் என் கழுத்தில் ஷூவை வைத்தான்.

"போன தடவை உன் பொண்ணு கையைத்தான் உடைச்சேன். இந்தத் தடவை விலாசம் கிடைச்சா, அவ எந்திரிக்கவே மாட்டா."

வயர் பிடுங்கியதால் ஸ்பீக்கர் விழித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து, அறை முழுக்க, ஒரு குரல்.

"டேய் குட்டி... நீயாடா அது?"

மாப்பிள்ளை ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். ஷூ என் கழுத்தைவிட்டு நழுவியது. மொட்டை கட்டிலுக்கடியில் தேடினான், ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று.

"சொல்லுடா! நீயா?"

மூவரும் கதவில்லாத வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

மூன்றாம் நாள் காவல் நிலையம். கணவன் நெருங்கக் கூடாதென்று கோர்ட்டில் தடையுத்தரவு வாங்குவதற்காகப் புகார் கொடுக்க மகள் வந்திருந்தாள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், கைகட்டி நின்றான். அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லையாம். கிழவர் மாடிப்படியில் உருண்டிருப்பாராம்.

பெண் இன்ஸ்பெக்டர் என் முதல் வாக்குமூலத்தைப் புரட்டினார். "ஆஸ்பத்திரியில பதினேழு பேருன்னு சொல்லியிருக்கீங்க?"

"அது... ஒரு வேகத்துல..."

"அப்பா, இங்கயாவது அளக்காதீங்கப்பா," என்றாள் மகள்.

"மூணு பேரும்மா."

"அன்னிக்கு விளையாட்டு மைக்ல போனது ரெக்கார்டு ஆகியிருக்கா?"

வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பெருமையடிக்க வாய் வரவில்லை. "இல்லம்மா. எதுவும் பதிவாகாத மாதிரி நான்தான் வெச்சேன்."

மாப்பிள்ளை சிரித்தான். மகள் முறிந்து சேர்ந்த மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

மூலை பெஞ்சில் சம்பந்தி. மூன்று நாளாக விளையாட்டுப் பக்கமே வராதவர். முகம் மழிக்கவில்லை. மகன் அவரிடம் திரும்பினான்.

"அப்பா, இவர் விடுற கதை உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்க."

அவர் எழுந்தார். மகனைப் பார்க்கவில்லை. என் மகள் எதிரே போய் நின்று அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கோங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டரிடம். "நடந்தது. என் காதால கேட்டேன். இவ கை உடைஞ்சதும் நடந்ததுதான்."