விண்டோஸ் வருவதற்கு முன்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து கிடைத்தது. வேங்கிக்காலில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடைக்கு சார்ஜர் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "இதுக்குப் பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார். "எனக்கெப்டிங்க தெரியும்?" என்ற அந்தப் பெண், என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். பெயர் உட்பட மீதியெல்லாம் கற்பனை. குடும்பக் கதை எழுதுகிறவளைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

2

முதல் தொடக்கம்: மலையுச்சியில் மேகம் தவழ்ந்த அந்த அந்திப் பொழுதில், அருணாதேவியின் விழிகளில்...

(வேண்டாம். அந்தக் கடையிலிருந்து மலை தெரியாது. எதிரே ஃப்ளெக்ஸ் பேனர்.)

இரண்டாம் தொடக்கம்: விமல்ராஜ் லேப்டாப்பை ஆன் செய்தான். விண்டோஸ் வரவில்லை. கருப்புத் திரையில் ஒரு பூட்டுப் படம் வந்து பாஸ்வேர்டு கேட்டது.

இது தேவலாம். சென்னைக் கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்புகளை மொத்தமாக, லாட் லாட்டாக எடுத்து விற்பவன் விமல்ராஜ். இதை வாங்கிக்கொள்ளக் கீழ்பென்னாத்தூர் குமரேசன் பஸ் ஏறிவிட்டார்.

"நேத்து நல்லாத்தானே ஓடுச்சு?"

"கம்பெனிக்காரங்க போட்டதா இருக்கும்ங்க," என்றாள் அவன் மனைவி அருணாதேவி.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வீட்டுக் கம்ப்யூட்டரில் உள்ளேயிருக்கும் பொத்தான் பேட்டரியைக் கழற்றினால் இந்தப் பாஸ்வேர்டு பல சமயம் அழிந்துவிடும். ஆபீஸ் லேப்டாப்புகளில் அழியாது. தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மாற்றினாலும் அசையாது. போட்டவரிடம்தான் கேட்க வேண்டும். காதல் காட்சிக்காகக் காத்திருப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிவிடாதீர்கள். இதுதான் காதல் காட்சி.]

3

பூட்டியவள் அருணாதேவி. ஏன்? முதலில் அவளைச் சந்தேகக்காரியாக்கி, லேப்டாப்பில் யாரோ ஒருத்தியின் புகைப்படம்... சே. அழித்துவிட்டேன்.

அவள் எம்.காம். ஒரு ஆடிட்டருக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்யத் திங்கட்கிழமை சேர வேண்டும். லேப்டாப் இல்லையென்றால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். "அடுத்த லாட்ல நல்லதா ஒண்ணு உனக்கு" என்பான் விமல்ராஜ். நல்லது வரும். உடனே அதை வாங்க ஆளும் வந்துவிடும். இந்த முறை அவளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிட்டாள்.

என்ன பாஸ்வேர்டு என்று எனக்கும் சொல்லவில்லை. எழுதுகிறவளே நான்தான், பாருங்கள்.

4

விமல்ராஜ் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். பூட்டு அப்படியே இருந்தது.

"இன்னொண்ணு இருக்குதே, அத அவருக்குக் குடுங்க," என்றாள் அருணாதேவி.

"அதுல ரேம் கம்மி. இதுதான் சூப்பர் பீஸு."

"ஆமாங்க, அதான்..."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நீதானா? அடிப்பாவி! அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆளு வர்றாருடி!"

"அவரு வர்றது தெரியுது. நான் இங்கியே இருக்கறது தெரியலியா?"

விமல்ராஜ் பாஸ்வேர்டாகத் தன் பெயரை அடித்தான். நம்பிக்கையோடுதான். தவறு. கல்யாணத் தேதியை அடித்தான். அதுவும் தவறு.

"தேதியே தப்பு. அது நிச்சயதார்த்தம்," என்றாள் அவள்.

5

முடிவு அ: அவள் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறாள், அடுத்த லாட்டுக்குக் காத்திருக்கிறாள். (என் வாசகிகள் வீடு தேடி வந்து சண்டை போடுவார்கள்.)

முடிவு ஆ: "உனக்குத்தான்டி" என்று அவளை இழுத்து அணைத்து... (கண்ணாடிக் கதவு. வெளியே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு.)

முடிவு இ: கதவைத் தள்ளிக்கொண்டு குமரேசன் வருகிறார். "ரெடியா தம்பி?"

விமல்ராஜ் அவரைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைக்கிறான்.

"நீயே அடி."

யாருக்காக என்று சொல்லவில்லை. அருணாதேவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கீபோர்டில் விரல் வைக்கிறாள்.

ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பார்ப்பது நாகரிகமில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? லேப்டாப் யார் கைக்குப் போனது?